ரேகையும் ஆன்மாவும்

கொல்லிமலையின் வாசலூர்பட்டி போன்ற மலையூர்களில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் மிளகு பறித்தும் விரல்நுனி தேய்ந்த முதியவர் ஒருவரின் ரேகையை நியாயவிலைக் கடைக் கருவி ஏற்க மறுக்குமானால், அங்கே மறுக்கப்படுவது யார் என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. அக்கருவி சார்ந்திருக்கும் 12 இலக்க ஆதார் அமைப்பு, ரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றைப் பதிவோடு ஒப்பிட்டு, வந்திருப்பவர் அவர்தாமா என்று சரிபார்க்கிறது. அதற்கு மேல் அது அவரை அறிவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தமோ, உயிர் தான் சார்ந்ததன் தன்மையாகவே நிற்கும் இயல்புடையது என்றும், ஆயினும் உடலும் பொறிகளும் மனம் முதலிய அந்தக்கரணங்களும் உயிர் ஆகா என்றும் கூறும். வங்கி, அலைபேசி, ஓய்வூதியம் எனப் பல வலைப்பின்னல்களில் ஒருவரே பல கணக்குகளாகத் தோன்றும் இக்காலத்தில், இரண்டாவது கூற்றே நமக்கு மிகவும் வேண்டியது. 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்த உச்ச நீதிமன்றம், 2018இல் ஆதாரைப் பெரும்பாலும் ஏற்றபோதும், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் அதைக் கோர இடமளித்த விதியைச் செல்லாதாக்கியது. எந்த இடத்தில் தம்மை எவ்வளவு வெளிப்படுத்துவது என்னும் தேர்வு மனிதரிடமே இருக்க வேண்டும் என்பதற்கு இது சட்டம் தந்த சான்று. ரேகை பொருந்தாத நாளில் கருவிழியையோ பதிவேட்டில் இடும் கையொப்பத்தையோ ஏற்று அரிசி வழங்குவது சலுகை ஆகாது. அது அந்த முதியவருக்குரிய நீதி.