மழைக்கு அஞ்சும் குழந்தை

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய பெருமழையை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை பதிவாயிற்று. அவ்வெள்ளத்தைக் கண்ட சிறு குழந்தையொன்று, மீண்டும் வானம் கறுக்கும்போது தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு, “உம்மா, அல்லாஹ் நம்மோடு கோபமா?” என்று கேட்குமானால் நாம் என்ன விடை பகர்வது?

இரு விடைகள் நம் நாவில் எளிதில் வருகின்றன. “ஆம், இது நம் பாவத்தின் தண்டனை” என்பது ஒன்று. “ஒன்றுமில்லை, பேசாமல் தூங்கு” என்பது மற்றொன்று. முன்னது, ரஹ்மானாகிய இறைவனை அறியும் முன்பே அவனைக் கண்டு நடுங்கக் குழந்தைக்குக் கற்பிக்கிறது. பின்னது பொய். இரண்டும் பெற்றோரைப் பொறுப்பிலிருந்து தப்புவிக்கும் விடைகளே.

உண்மை யாது? நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து எரித்து, தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420 பங்குக்கும் மேலாக உயர்த்திவிட்டோம். அது பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். ஒரு குறிப்பிட்ட மழையை முழுவதும் இக்கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் இத்தகைய பெருமழைகள் பெருகுவதற்கு இது காரணம் என்பதில் ஐயமில்லை.

மேகம் திரளக் கண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் கவலை தோன்றும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். முன்சென்ற சமூகமொன்று மேகத்தைக் கண்டு மகிழ்ந்து அழிந்ததை எண்ணிய அச்சம் அது. எனவே அஞ்சுவது இழிவன்று. ஆனால் அது பெரியோர் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளும் அச்சம். குழந்தையின் தலையில் ஏற்றும் குற்றச்சாட்டன்று. சீர்கேட்டை மனிதரின் கைச்செயலோடு இணைத்துப் பேசுகிறது சூரா ரூம். அந்தக் கைகள் குழந்தையின் கைகளா?

ஏழு வயதில் தொழுகையைப் பழக்கச் சொன்ன நம் மார்க்கம், பருவமெய்தும் வரை அதன் கணக்கைப் பிள்ளையின் ஏட்டில் எழுதவில்லை. பழக்கம் பிள்ளைக்கு, பொறுப்பு பெற்றோருக்கு. இந்த நீதி இங்கும் பொருந்தும். “உலகைக் காப்பது உன் கையில்தான்” என்று பச்சிளம் பிள்ளையிடம் கூறுவது, ஷரீஅத் சுமத்தாத சுமையை நாம் சுமத்துவதாகும்.

பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலையே ஓதுகிறார்கள். கூப்பிடு தூரத்துப் பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் வாப்பா, காற்று மாசைப் பற்றி எவ்வளவு எடுத்துரைத்தும் பயனில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டென்று நம்பி, பிள்ளையின் கைபற்றி நடந்து சென்றால் அதுவே பாடம். ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துவதும் பாடமே. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. இவற்றால் மட்டும் உலகம் குளிர்ந்துவிடாது. அரசுகளும் ஆலைகளும் மாற வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதும் பெரியோர் கடமையே.

ஆகவே தாய் இவ்வாறு கூறட்டும்: “அல்லாஹ் உன்மீது கோபமாக இல்லை, கண்ணே. மழை அவனுடைய ரஹ்மத். பெரியவர்களாகிய நாங்கள் அளவுமீறி எரித்ததால் பூமி சூடாகிவிட்டது. அதைக் குறைக்க வேண்டியது எங்கள் வேலை. நீ பார்த்துப் பழகிக்கொள். இப்போது, இந்த மழையைப் பயனுள்ள மழையாக்கும்படி நாம் இருவரும் துஆ கேட்போம்.”

இவ்விடையில் பொய்யில்லை. ஆனால் இதைச் சொன்ன பெற்றோர் மறுநாள் முதல் பழையபடி வாழ முடியாது.