பொருள் காணலும் பொருள் படைத்தலும்

மேனிலை வகுப்பு மாணவர்க்கு இலக்கியத்தின் பொருளை ஆசிரியரே எடுத்துரைத்து முடித்துவிடுவது அறமாகுமா? மதிப்பெண்தான் கல்லூரிக் கதவைத் திறக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. தாராவியின் ஒற்றையறை வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஆயத்த விடையே உதவி என்பாரும் உளர். ஆயினும், பிறர் கண்ட பொருளையே ஒப்பிக்கும் பிள்ளை, இலக்கியம் தன் வாழ்வுக்கு அப்பாற்பட்டது என்றே எண்ணிவிடும்.

இதற்கு வழி நம் இலக்கணத்திலேயே உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரம் முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்களும் உணவும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். ஓர் அகப்பாட்டில் இவற்றை மாணவரே தேடட்டும். கூறுபவர் யார், கேட்பவர் யார், கூறாது விட்டது யாது என்றும் வினவட்டும். தாமே கண்ட பொருள் தேர்வறையிலும் மறவாது.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் பிரிதலும் அதில் அடங்கும். தோல் பதனிடும் தொழிலை நாடி நெல்லைச் சீமையினின்று தாராவிக்கு வந்தோரின் வரலாறும் அதுவன்றோ? இதை உணர்ந்த மாணவரிடம், "உங்கள் நிலத்தைப் பாடுங்கள்" எனலாம். மாகிம் கழியும், கும்பார்வாடாவின் சூளைப் புகையும், மின்தொடர் வண்டியின் ஓசையும் அவர்தம் பாட்டில் இடம்பெறும். அதிலுள்ள சொற்பிழையை ஆசிரியர் திருத்தலாம், பட்டறிவைத் திருத்தலாகாது.

1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிய முன்னோர் பிள்ளைகளுக்குப் பள்ளி தந்தனர். பாட்டின் பொருளைத் தாமே காணும் துணிவைத் தருவது நம் கடன்.