கடிக்கிற நாய்க்கு இன்னொரு வாய்ப்பா?

கடிக்கிற நாயைத் திருத்த முடியுமா என்று கேட்டால், "அதோட புத்தி அப்படித்தான்"னு நம்ம வீட்டுப் பெரியவங்க முடிச்சிருவாங்க. எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் இடத்திலிருந்து சுமார் 50 பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. சண்டைக்காக வளர்க்கப்பட்டவை. அப்படிப்பட்ட நாய்களை மொத்தமாகக் கொன்றுவிடுவதுதான் அதுவரை வழக்கம். இந்த முறை நிபுணர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. பல நாய்களிடம் இருந்தது கோபமில்லை, பயம்.

பயிற்சியில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாய் பதறாத தூரத்தில் அந்நியர் ஒருவர் நிற்பார். அவரைப் பார்த்ததும் அதற்குத் தீனி கிடைக்கும். நாளாக நாளாகத் தூரம் குறையும். உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கலாம். (எஞ்சினியரிங் பாஷையில் சொன்னா, அலாரம் ஒயரை வெட்டுற வேலை.)

சரி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு யார் பொறுப்பு? கருணை பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. யூட்டா காப்பகத்துக்குப் போன 22 நாய்களில் இரண்டை வெளியே தத்துக் கொடுக்கவே கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. அவை அங்கேயே, நல்ல பராமரிப்பில் வாழ்ந்தன. நாய்களின் செலவுக்கு விக் சுமார் 928,000 டாலர் கட்டவும் உத்தரவானது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

நம்ம தாமான்ல நாள் முழுக்கக் கேட்டில் கட்டிப்போட்ட நாய் யாரையாவது கடிச்சா, முதல்ல நாயைத்தானே தூக்கிட்டுப் போறாங்க?