அடுத்தவர் கார்டில் ஓர் உம்ரா

 



சில வாரங்களுக்கு முன் ஜுமுஆ முடிந்ததும் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், அம்மாவ உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நிய்யத்து. இப்ப கையில பணம் இல்ல. மச்சான் அவர் கிரெடிட் கார்டுல ரெண்டு டிக்கெட்டும் போட்டுத் தர்றேங்கிறார். கூடுமா?" என்று கேட்டார். "கூடும்" என்றேன். சந்தோஷமாகப் போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான், அவரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை என்பது உறைத்தது. அதை இன்று உங்களிடம் கேட்கிறேன். அந்த மச்சானின் கார்டுக்குப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி எது?

அவர் கேட்ட மஸ்அலாவுக்குப் பதில் எளிது. கடன் வாங்கிச் செய்த உம்ராவும் நிறைவேறிவிடும். வசதி உள்ளவர்மீது வாழ்நாளில் ஒருமுறை உம்ரா கடமை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத். கடமை என்றவர்களும் வசதி உள்ளவருக்குத்தான் சொன்னார்கள். கடன் வாங்கியாவது போயாக வேண்டும் என்று மார்க்கம் யாரையும் நெருக்கவில்லை. திருப்பித் தர வழி இருந்து, தரும் எண்ணத்தோடு வாங்கினால் அது பாவமும் இல்லை.

ஆனால் கையில் வாங்கும் ரொக்கக் கடனும் அடுத்தவர் கார்டில் போடும் டிக்கெட்டும் ஒன்றல்ல. ரொக்கம் தருபவர் தன் பணத்தைத் தருகிறார். நீங்கள் தாமதித்தால் அவருக்குச் சிரமம், அவ்வளவுதான். கார்டில் போட்டுத் தருபவரோ தன் பெயரில் வங்கியிடம் கடன்பட்டு உங்களுக்குத் தருகிறார். பில் போடும் தேதியை ஒட்டி, அவருக்கு ஏறத்தாழ 20 நாளிலிருந்து 50 நாள் வரைதான் வட்டியில்லாத அவகாசம். அதற்குள் முழுத் தொகையையும் கட்டவில்லையென்றால், கெடு முடிந்த நாளிலிருந்து அல்ல, டிக்கெட் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடுவது வங்கிகளின் வழக்கம். மாதத்துக்கு 3.5 சதவீதம் என்று வைத்தால் 60,000 ரூபாய்க்கு 2,100 ரூபாய். அதற்கு மேல் தாமதக் கட்டணம், ஜிஎஸ்டி. 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் தப்பும், வட்டி தப்பாது. கார்டு வைத்திருப்பது கூடுமா என்பது தனிப் பேச்சு. நான் சொல்வது, நீங்கள் தாமதிக்கும்போது வட்டிக்குள் தள்ளப்படுவது நீங்கள் அல்ல, உங்களுக்கு உதவியவர் என்பதைத்தான்.

இதை நான் கிதாபில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 14 வருடங்களுக்கு முன் மலேசியாவில் ஒரு பள்ளிவாசலில் இமாமாக இருந்தேன். அத்தாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வா என்று இரவில் ஃபோன் வந்தது. மாதக் கடைசி. சென்னையில் இருந்த நண்பர், என்னோடு மதரஸாவில் ஓதியவர், அந்த இரவிலேயே தன் கார்டில் டிக்கெட் போட்டு அனுப்பினார். அத்தாவின் கடைசி இரண்டு நாட்கள் பக்கத்தில் இருந்தேன். ஜனாஸா தொழுகையையும் நானே நடத்தினேன்.

அடுத்த மாதம் சம்பளம் வந்தது. வேறு செலவுகளும் வந்தன. 'நண்பர்தானே, பொறுத்துக்கொள்வார்' என்று நினைத்தேன். அவரும் கேட்கவில்லை. நான்காவது மாதம் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டு, கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவருடைய மனைவி என் மனைவியிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார்: "எங்க வீட்ல வட்டின்னு ஒண்ணு கட்டினது அந்த மூணு மாசந்தான்." குறையாகக்கூடச் சொல்லவில்லையாம். நான் மிம்பரில் நின்று வட்டியைப் பற்றி எத்தனையோ முறை பேசியவன்.

என் உஸ்தாதிடம் போய், அந்த வட்டிப் பணத்துக்கு நான் பொறுப்பா என்று கேட்டேன். "கணக்கை அப்புறம் பார்ப்போம், முதலில் அவர் வீட்டுக்குப் போ" என்றார்கள். போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஒரு தொகையையும் கொண்டுபோய், நிபந்தனையாக அல்லாமல் நானாக விரும்பித் தருவதாகச் சொல்லிக் கொடுத்தேன். நபி (ஸல்) அவர்கள் தாம் கடனாகப் பெற்ற ஒட்டகத்தைவிட உயர்ந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் அல்லவா? நண்பர் கட்டாயத்தின்பேரில் வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் கட்டிய வட்டியை, கட்டாததாக ஆக்க என்னால் முடியவில்லை.

சகோதரர்களே! இரண்டு தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழவைக்கத் தயங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். அதோடு விடவில்லை. பிறகும் அவரைப் பார்த்து, அந்த இரண்டு தீனார் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். கொடுத்துவிட்டேன் என்று கேட்ட பிறகுதான் அந்த மையித்துக்கு ஆறுதல் கிடைத்ததைச் சொன்னார்கள். 'தருகிறேன்' என்ற சொல்லுக்கும் 'தந்துவிட்டேன்' என்ற சொல்லுக்கும் நடுவில் உள்ள நாட்களும் கணக்கில் உண்டு.

ஆகவே அடுத்தவர் கார்டில் பறக்க வேண்டி வந்தால், முதலில் கடைசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனைத் தவணையோடு எழுதிவைப்பதைப் பற்றியதுதான். அந்தத் தேதிக்குள் தர வழியில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கார்டு சலுகையில் 30,000 ரூபாய் டிக்கெட் 27,000 ரூபாய்க்குக் கிடைத்தால் உங்கள் கடன் 27,000 ரூபாய்தான். கார்டு தந்ததற்காக 500 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டால், அது வட்டி. டிக்கெட் ரத்தானால் பணம் பெரும்பாலும் அவருடைய கார்டுக்கே திரும்பும். பிடித்தம் போக எவ்வளவு வந்தது என்று கேட்டு, குறையும் தொகையை நீங்கள் கொடுங்கள்.

உம்ராவுக்குப் புறப்படும்போது வீடு வீடாகப் போய், "ஏதும் தப்பா பேசியிருந்தா பொருந்திக்குங்க" என்று கேட்பது நம் வழக்கம். பத்து வருடமாகப் பேசாத உறவினர் வீட்டுக்கும் போகிறோம். திரும்பி வந்து ஜம்ஜம் தண்ணீரும் பேரீத்தம்பழமும் கொடுக்கிறோம். கார்டு தந்தவர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார். அவருடைய ஃபோனில் வங்கியின் எஸ்எம்எஸ் வந்து கிடக்கிறது. கேட்டால் நம் உம்ராவைச் சொல்லிக்காட்டியதாகிவிடுமோ என்று வாயைத் திறக்காமல் இருக்கிறார். அவருடைய மௌனத்தைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இளைஞரை மறுவாரம் தேடிப் பிடித்துக் கேட்டேன். தேதியை அவர் கேட்டிருக்கவில்லை. கேட்டுவிட்டு வந்து, "ரெண்டு மாசம் கழிச்சுப் போறோம் ஹஜ்ரத்" என்றார்.

நமக்கு உதவியவர்களை நம்மால் பாவத்தில் விழவைக்காமல், பிறர் ஹக்கை உரிய நேரத்தில் நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.