தேர்வுக்குப் பின் ஒரு தேர்வு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத் தாள் முடிந்ததும், மாணவர்கள் தேர்வு மையத்தின் வாயிலிலேயே வினாத்தாளை விரித்து விடைகளை ஒப்பிடுகின்றனர். இது நன்றா, தீதா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

அறியும் வேட்கை குற்றமன்று. ஆயினும் எதைக்கொண்டு அறிகிறோம் என்பதே வினா. ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களது கூடுதல் 7, பெருக்கற்பலன் 12 எனின், மூலங்கள் 3, 4 ஆகும். குறியில் தவறி நால்வர் −3, −4 என எழுதியிருக்கக்கூடும். பெருக்கினால் அவையும் 12 தருவதால் ஐயம் எழுவதில்லை. சரியாக எழுதிய ஒருவனோ, நால்வர் ஒருமித்துச் சொல்வது கேட்டுக் கலங்குகிறான். கூட்டிப் பார்த்தால் −7 என்பது புலப்படும். ஆனால் எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. உண்மை, உடன்படுவோரின் எண்ணிக்கையால் அமைவதன்று.

இனி, பிழை உறுதியே எனினும், மறுதேர்வு காத்திருக்கையில், கேளாதவனிடம் வலியச் சென்று "உன் விடை தவறு" என்பது தகுமா? கேட்டால் மறைத்தல் கூடாது. கேளாதபோது பொறுத்தல் பொய்யாகாது. திருத்துதற்குத் தாள் அவன் கையில் இல்லை. அச்சொல் அவனுக்கு அச்சம் ஒன்றையே தரும். மேலும், ஐந்து மதிப்பெண் வினாக்களில் படிநிலைகளுக்கும் மதிப்பெண் உண்டு. இறுதி விடை பிழைத்ததால் யாவும் இழந்ததாக மாணவர் வருந்த வேண்டுவதில்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். "எத்தனை மதிப்பெண் வரும்?" என்று வினவுமுன் பிள்ளைக்கு உணவு பரிமாறுவோம். தேர்வுகள் அனைத்தும் நிறைவுற்றபின் வினாத்தாளை எடுத்து, எந்தப் படியில் பிழை நேர்ந்தது என்று பிள்ளையுடன் அமர்ந்து காண்போம். கற்பதற்குரிய நேரம் அதுவே.