ஜன்னலோரப் புதினாவும் நீதியும்



ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுபோகிறது. மழைநீர் பாத்திகளில் நிறைந்து கடல்நீரின் காரத்தைக் குறைத்துவிடுகிறது, உப்பு விளைவதில்லை. மழை ஓய்ந்து, பாத்திகளைச் சீர்செய்து, வெயில் ஏறிய பின்னரே மறுபடி உப்பு வார முடியும். அதுவரையில் அளத்துக் கூலியை நம்பிய வீடுகளில் அடுப்பெரிவதே பெரும்பாடு. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இவ்வளங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட காலத்தில், ஜன்னலோரத்தில் புதினாவும் கொத்தமல்லியும் வளர்ப்பதைப்பற்றி எழுதுவது தகுமா என்று நீங்கள் கேட்கலாம். தகும் என்றே சொல்லுகிறோம். எப்படியென்று பாருங்கள்.

உவர் மண்ணில் கீரை எளிதில் வளராது. மண்ணில் உப்பு மிகுந்தால், தண்ணீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடிவதில்லை. ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் வாடும். ஆகையால் நம் கடற்கரை வீடுகளுக்குத் தொட்டியே தோட்டம். ஓட்டைப் பானையோ பழைய எண்ணெய் டின்னோ போதும்; அடியில் நீர் வடியத் துவாரம் வேண்டும். நல்ல மண்ணும் மக்கிய சாணமும் இட்டு, புதினாத் தண்டை நட்டால் இரண்டு வாரத்துக்குள் வேர்பிடிக்கும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து ஊன்றினால் ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்டு இலை கிள்ளலாம். கற்பூரவல்லிக்கு ஒரு கிளையை ஒடித்து வைத்தாலே போதும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு ஜன்னலில் வெயில் விழும். அடைமழை செடியை அழுக்காமல் கூரையும், உப்புக்காற்று இலையைக் கருக்காமல் சுவரும் காக்கும்.

தண்ணீருக்கு எங்கே போவது? கிணற்று நீர் கரிக்கிறதானால், கூரையிலிருந்து வழியும் மழைநீரைக் குடத்தில் பிடியுங்கள். அதில் உப்பில்லை. அளத்தின் விளைச்சலைக் கெடுத்த அதே மழை, ஜன்னலோரச் செடிக்கு உயிர் கொடுக்கிறது. ஒரு வீட்டுக்கு நஷ்டமாவதே வேறொரு வீட்டுக்கு லாபமாவதும் உலகத்தில் உண்டு. அதனாலேயே பின்வரும் கேள்வி எழுகிறது.

புதினா சுவிசேஷத்திலும் இடம்பெற்ற செடி. அர்ச். மத்தேயு சுவிசேஷம் 23-ம் அதிகாரத்தில், புதினா, சதகுப்பை, சீரகம் ஆகியவற்றில் தசமபாகம் தவறாமல் செலுத்திவிட்டு, நீதி, இரக்கம், விசுவாசம் என்ற பெரிய கடமைகளை விட்டுவிட்டவர்களை நமதாண்டவர் கடிந்துகொள்கிறார். புதினாவை எண்ணிக் கொடுத்தது குற்றமென்று அவர் சொல்லவில்லை. அதையும் விடாமல் பெரியதையும் செய்திருக்க வேண்டும் என்பதே அவருடைய தீர்ப்பு.

இத்தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு பக்கத்தில், பெரிய நியாயங்களைத் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்காய்ப் பேசிவிட்டு, அடுத்த வீட்டுக் கிழவி கஞ்சி குடித்தாளா என்று எட்டிப் பாராதவர் இருக்கிறார். அவருக்கு ஜன்னலோரத் தொட்டி நல்ல உபாத்தியாயர். தொட்டிச் செடி தானாய் வேரோடித் தண்ணீர் தேட முடியாது. வைத்தவர் மறந்தால் அது வாடும். தினமும் ஒரு குவளை நீர் என்ற சிறு கடமையில் தவறாதிருக்கப் பழகுகிறவர், மனிதரையும் மறவாதிருக்கப் பழகலாம். மேலும் புதினா கிள்ளக் கிள்ளத் தழைக்கும். ஒரு தண்டை அயலாருக்குக் கொடுத்தால் நம் தொட்டி குறையாது. அவர் வீட்டிலும் ஒரு தொட்டி உண்டாகும்.

மறு பக்கத்திலோ, ஒரு பிடி கொத்தமல்லியை உப்பளத் தொழிலாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அவருக்குச் சேரவேண்டிய கூலியில் குறைப்பவர் இருந்தால், அவர் செய்தது தருமமா? இல்லை. நீதியால் கொடுக்கக் கடமைப்பட்டதை நிறுத்திக்கொண்டு, இரக்கத்தின் பேரால் அதில் சிறிது கொடுப்பது தருமமாகாது. நம் முன்னோர் சிங்கராயர் என்றழைத்த 13-ம் லியோ பாப்பரசர், 1891-ம் ஆண்டு எழுதிய நிருபத்தில், இருவரும் சம்மதித்த கூலி என்பதனாலேயே அது நீதியான கூலியாகிவிடாது. சிக்கனமாய் வாழும் தொழிலாளி பிழைக்க அது போதவேண்டும் என்று போதித்தார். வேலையில்லா மழைமாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ம் ஆண்டில் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அரசு கொடுக்கிறதே என்று நம் கணக்கை நாம் மூடிவிடலாமா?

ஆகவே, சிறு நன்மை பெரிய கடமைக்கு ஈடாகாது. பெரிய கடமையைப் பேசுவதும் சிறு நன்மைக்கு ஈடாகாது. இந்த மழைக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஜன்னலோரம் ஒரு தொட்டி வைக்கட்டும். பிள்ளைகள் அதற்கு நீர் வார்க்கட்டும்; முதல் இலைகளில் ஒரு பங்கு வேலையில்லாத வீட்டுக்குப் போகட்டும். அதே நாளில் பெரியவர்கள் தங்கள் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்து, கூலி பாக்கி யாருக்கேனும் உண்டா, கஷ்டகாலத்தில் கொடுத்த கடனுக்கு அநியாய வட்டி வாங்குகிறோமா என்று பார்க்கட்டும். கொத்தமல்லி இலையோடு கூலி பாக்கியும் அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்படி செய்வோமாக.