ஈமானுக்குப் பொய் துணையாகுமா?

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், நண்பகல் கடந்த வேளையில், சிங்கப்பூர் வானில் வளையச் சூரிய கிரகணம் தோன்றியது. அன்று விழுந்த நிழல் கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியே வந்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, சுமத்திராவையும் நம் தீவையும் தழுவிச் சென்றது. ஊரிலிருந்த உறவினரும் இங்கிருந்த நாமும் ஒரே நாளில் ஒரே காட்சியைக் கண்டோம்.

சூரியன் முழுவதும் மறையாமல் ஓரத்தில் ஒளி வளையமாக நின்றதன் காரணம் எளியது. சந்திரன் செல்லும் பாதை சரியான வட்டமன்று. அருகில் வரும்போது அது பூமியிலிருந்து சுமார் 3,60,000 கிலோமீட்டர் தூரத்திலும், விலகும்போது சுமார் 4,05,000 கிலோமீட்டர் தூரத்திலும் இருக்கிறது. விலகியிருக்கையில் அதன் உருவம் சிறுத்துத் தோன்றுவதால், சூரியனை முழுதும் மூட அதனால் இயலுவதில்லை.

கிரகணம் பிடிக்கும் வேளையில் மரத்தடியைப் பார்த்தவர்கள் இன்னொரு விந்தையையும் கண்டிருப்பார்கள். இலைகளின் இடுக்கு வழியே தரையில் விழும் வட்ட ஒளிப்பொட்டுகள் அப்போது பிறைகளாக மாறிவிடும். சமையலறைச் சல்லடையைப் பிடித்தாலும் அதே காட்சிதான். ஒவ்வொரு சிறு துளையும் சூரியனின் உருவத்தைத் தரையில் வரைந்து காட்டுகிறது. பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, சுமார் 1040ஆம் ஆண்டில் மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம் இந்த ஒன்றை ஆராய்வதற்கென்றே தனி நூல் எழுதினார்.

ஆனால், கிரகணம் என்றதும் நம் வீடுகளில் எழும் பேச்சு வேறு. கர்ப்பிணிகள் வெளியே வரலாகாது என்பார் ஒருவர். யாரோ ஒரு பெரியவரின் மரணத்துக்கு இது அறிகுறி என்பார் மற்றொருவர். இத்தகைய பேச்சுக்கு நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டது. அந்த விடை பிறந்த நேரம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம், ஒன்றரை வயதளவில் இறந்தார். அந்த நாளிலேயே மதீனாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அது 632ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் என்று வானியலார் கணக்கிட்டுள்ளனர். இப்ராஹீமின் மரணத்துக்காகச் சூரியனும் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். அன்பினால் பேசிய பேச்சு அது. மறுத்துரைக்க அங்கு எவரும் இல்லை. மகனை இழந்த தந்தைக்கு அது ஆறுதல். மார்க்கத்துக்கோ பெரும் விளம்பரம். நபியவர்கள் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மௌனமாக இருந்தாலே போதும்.

அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் அறிவித்தார்கள். கிரகணத்தைக் கண்டால் தொழுது துஆச் செய்யுமாறும் பணித்தார்கள்.

நம்முன் உள்ள கேள்வி இதுதான்: ஈமானை வளர்க்கும் என்று தோன்றும் ஒரு பொய்யை நாம் ஏற்கலாமா, பரப்பலாமா?

நம் காலத்துச் சான்று ஒன்றைப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டு ஜூலையில் சந்திரனில் முதன்முதல் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசை கேட்டார், பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதை மலேசியா, இந்தோனேசியா, எகிப்து முதலிய நாடுகளில் பரவியது. சந்திரனில் ஒலியைச் சுமந்து செல்லக் காற்று இல்லை என்பது பள்ளி மாணவனும் அறிந்த பாடம். 1983ஆம் ஆண்டில் அமெரிக்க வெளியுறவுத் துறை, அவர் மதம் மாறவில்லை என்று தன் தூதரகங்களுக்குத் தெரிவித்தது. 2005ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கு வந்தபோது அவரே அதை மறுத்தார். 2012ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கதை மட்டும் மறையவில்லை. இன்றும் கைத்தொலைபேசி வழியே அது நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது.

“வந்தால் என்ன? நாலு பேருக்கு ஈமான் உறுதியானால் நல்லதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நல்ல எண்ணத்தில் எழுவதே. ஆயினும் மூன்றைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, அவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்வது அம்மனிதருக்குச் செய்யும் அநீதி. புகழ்ச்சியாகச் சொன்னாலும் பொய் பொய்யே. இரண்டாவது, வீட்டில் இக்கதையைக் கேட்டு வளரும் பிள்ளை, ஒருநாள் நூலகத்தில் உண்மையை அறிந்துகொள்வான். அன்று அவன் கதையை மட்டுமா சந்தேகிப்பான்? அதே வாயால் சொல்லப்பட்ட தொழுகையையும் மறுமையையும் சேர்த்தன்றோ சந்தேகிப்பான்! மணலில் நாட்டிய தூண், தான் தாங்கும் கூரையையும் சேர்த்தே வீழ்த்தும். மூன்றாவது, கேட்ட செய்தியை விசாரித்துத் தெளியுமாறு திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாததைப் பின்பற்றினால் செவியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என 17ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. செய்தி நமக்குச் சாதகமாக இருந்தால் விசாரிக்க வேண்டுவதில்லை என்று அங்கே விதிவிலக்கு ஏதுமில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் பக்தி குறைந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். மதீனாவில் நடந்ததை அவர்கள் மீண்டும் எண்ணிப் பார்க்கட்டும். சகுனத்தை மறுத்த அதே நாவு தொழுகைக்கும் அழைத்தது. சகுனம் என்பது வானத்தையே என் வீட்டுச் செய்தியாக்கும் எண்ணம்; அத்தாட்சி என்பது என்னையும் என் துயரையும் கடந்து, யாவருக்கும் பொதுவாக நிற்பது. சந்திரனின் தூரத்தைக் கணக்கிட்டு, கிரகணத்தின் நிமிடத்தையும் முன்கூட்டியே சொல்ல முடிகிறதென்றால், அந்த ஒழுங்கைக் கண்டன்றோ நெஞ்சம் மேலும் பணிய வேண்டும்!

இன்னுமொன்று. இத்தகைய கதைகளை நமக்கு அனுப்புவோர் பெரும்பாலும் நம் பெரியும்மாவோ, மாமாவோ, பள்ளிவாசலில் சலாம் சொல்லும் முதியவரோ ஆவர். பலர் முன்னிலையில் அவர்களை இழிவுபடுத்துவது அறிவுடைமையாகாது. நபியவர்கள் மக்கள் பேசியதைத் திருத்தினார்களேயன்றிப் பேசியவர்களைப் பழிக்கவில்லை. தனியே அமர்ந்து பணிவோடு எடுத்துரைப்போம். அதற்காக, பொய் என்று தெரிந்தும் வாய்மூடி இருந்துவிடுவதும் முறையன்று. தம் மகனை இழந்த நாளிலும் நபியவர்கள் அப்படி இருக்கவில்லை.

உண்மையின் மார்க்கத்துக்கு உண்மையைக் கொண்டே தொண்டு செய்யும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.